சூரியனில் வெடிப்பு! சீறி வரும் துகள்கள்!!

வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர், ஆம்பூர், வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர்தான். அங்குள்ள பெரிய டெலஸ்கோப் இரவில் நட்சத்திரங்களைப் பார்க்கிறது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் செய்த இன்னொரு கருவி, இரவே இல்லாத இடத்துக்குப் போயிருக்கிறது. 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பறந்த "ஆதித்யா எல்-1" விண்கலத்தில், சூரியனைப் பார்க்க!

சூரியனில் அவ்வப்போது பெரும் வெடிப்பு நடக்கிறது. மின்சாரம் ஏறிய அணுத்துகள்கள் சீறிப் பாய்கின்றன. சூரிய வெளிச்சம் இங்கு வர 8 நிமிடம் ஆகும். வேகமான துகள்கள் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

அவை நேராக வருவதில்லை. சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது அல்லவா? அதனால் அதன் காந்தக் கோடுகள், சுழலும் குழாய் பீய்ச்சும் தண்ணீர் போல வளைந்து கிடக்கின்றன. துகள்கள் அந்த வளைவைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றன. கோடுகள் அங்கங்கே நெளிந்து கிடப்பதால் பக்கவாட்டிலும் சிதறுகின்றன. இந்தச் சிதறல்தான் விஞ்ஞானிகளைத் திணற வைக்கிறது.

தரையில் உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். பூமியின் காந்தமும் காற்றும் காக்கின்றன. ஆபத்து விண்வெளி வீரர்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும்தான். புயலைக் காட்டுவதும் செல்போனுக்கு வழி சொல்வதும் அந்தச் செயற்கைக்கோள்களே!

வரும் துகள்களை எண்ண, அகமதாபாத் ஆராய்ச்சிக்கூடம் செய்த கருவியும் ஆதித்யாவில் இருக்கிறது.