மேற்கோள் கூடினால் சான்று கூடுமா?

சாதி, இனம், சமூகம் பற்றி ஒரு வரலாற்றறிஞர் எழுதியதை நம்பலாமா என்று கேட்டால், பல்கலைக்கழக வட்டாரத்தில் கைவசம் ஒரு பதில் இருக்கிறது: அவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பாருங்கள். தேனிப் பக்கத்து வருசநாட்டையும் கம்பம் பள்ளத்தாக்கையும் சேர்ந்த மக்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

நூறாண்டாக எல்லோரும் எடுத்தாளும் நூல் தவறாகுமா என்பது முதல் வாதம். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. இன்றும் ஆய்வேடுகளில் முதலில் வரும் பெயர் அவருடையதுதான். அந்த வட்டாரத்திலும் வாழும் கள்ளர் பற்றிய பகுதியை அதில் பிரித்துப் பாருங்கள். முக்கியமான செய்திகள் 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நூலிலிருந்தும், 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை கெசட்டியரிலிருந்தும் எடுத்தவை. இருவரும் ஆங்கிலேய அரசின் அதிகாரிகள். பிரான்சிஸ் நெல்சனைப் படித்து எழுதினார், தர்ஸ்டன் இருவரையும் சேர்த்தார், பின்வந்தவர்கள் தர்ஸ்டனைக் காட்டினார்கள். ஊருக்கு ஊர் சாட்சி இருப்பதுபோலத் தெரியும். விசாரித்தால் எல்லாம் கச்சேரிக் காகிதத்தில் போய் முடியும்.

அந்தக் காகிதம் சும்மா கிடக்கவில்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் கள்ளரில் ஒரு பிரிவினரான பிரமலைக் கள்ளர்மீது பாய்ந்தது. ரேகைச் சட்டம் என்றுதான் நம் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். கைநாட்டு வைக்க மறுத்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். மதராஸ் மாகாணத்தில் சட்டம் நீங்க 1947 ஆயிற்று. ஒரு கூட்டமே பிறப்பால் குற்றவாளி என்ற கருத்து அச்சேறி, திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு, உண்மைபோல ஊன்றிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மேற்கோள் என்றாலே ஒப்புதல் என்பது அடுத்த வாதம். ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதி உயர்வு தாழ்வுக்கு இனக்காரணம் சொன்னார். தர்ஸ்டனும் அளவுகருவியோடு திரிந்தவர். ரிஸ்லியின் அளவுகளைச் சமூகவியலாளர் குர்யே 1932இல் மறுபடி சோதித்து, ரிஸ்லியின் முடிவு பெரும்பகுதி இந்தியாவுக்குப் பொருந்தாது என்றார். அம்பேத்கர் 1948இல் அதே மூக்களவை வைத்தே, தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமல்ல என்று வாதிட்டார். எண்ணிக்கைப் பட்டியலில் இந்த மறுப்புகளும் ரிஸ்லியின் கணக்கில்தான் வரவாகும்.

நல்ல ஆய்வு எப்படியும் மேலே வந்துவிடும் என்பார்கள். எந்த மொழியில் வந்தது என்பதைப் பொறுத்தது அது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் பிரமலைக் கள்ளரோடு தங்கி, உறவுமுறையையும் சாமிகளையும் கேட்டறிந்து எழுதிய நூல் 1957இல் பிரெஞ்சில் வந்தது. ஆங்கிலத்துக்கு வர 1986 ஆயிற்று. இடையில் சாதியைப் பற்றி அவர் பொதுவாக எழுதிய பெரிய நூல் 1970லேயே ஆங்கிலமாகி உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. தமிழிலேயே எழுதப்பட்டவற்றின் நிலை இன்னும் மோசம். வடவீர பொன்னையாவின் 'வருசநாட்டு ஜமீன் கதை'யைத் தமிழர்கள் ஆர்வமாகப் படித்தார்கள். ஆனால் சர்வதேச மேற்கோள் பட்டியல்களில் தமிழ் எழுத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை.

வேறு அளவுகோல் ஏது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி, தோட்டந்துரவில் வேலை செய்பவர்களின் பேச்சைக் கேட்டு, அரசு ஆவணங்களை அதன் பக்கத்தில் வைத்துப் படித்து 2009இல் நூல் எழுதினார். யாரிடம் கேட்டார், எந்தக் காகிதத்தைப் பார்த்தார், அந்தக் காகிதத்தை எழுதியவன் யார்? இந்த மூன்று கேள்விகளையும் தர்ஸ்டனிடமும் கேளுங்கள், பாண்டியனிடமும் கேளுங்கள்.