மாட்டுப்பட்டியில் இறங்கிய விமானம்

2024 நவம்பர் 11-ஆம் தேதி கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய கடல் விமானம், மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி அணை நீரில் இறங்கியது. மலைச் சாலையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அமைச்சர்கள் வரவேற்றார்கள், கரையெங்கும் கூட்டம். ஆனால், ஓராண்டு கழிந்த பிறகும் அந்தத் தடத்தில் முறையான சேவை தொடங்கியிருக்கவில்லை.

இத்தகைய திட்டங்கள் முடங்கும்போதெல்லாம் தில்லியின் கெடுபிடி விதிகளைக் குறைகூறுவது விமான நிறுவனங்களின் வாடிக்கை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1937-ஆம் ஆண்டு விதிகளையும் அடித்தளமாகக் கொண்டு ஒட்டுப்போட்டு வளர்ந்த அமைப்பு அது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2025 ஜனவரி 1-ஆம் தேதிதான். பத்தொன்பது பேர் பயணம் செய்யும் சிறிய விமானத்துக்கும் முன்னூறு பேரைச் சுமக்கும் பெரிய விமானத்துக்கும் ஏறத்தாழ ஒரே தடிமனில் கோப்புகள் தேவைப்பட்டால், சிறியது எப்படிப் பிழைக்கும்?

குஜராத் அனுபவம் இதற்குச் சான்று. 2020 அக்டோபர் 31-ஆம் தேதி பிரதமர் தொடங்கிவைத்த சபர்மதி - கெவாடியா கடல் விமானம் ஒரு மாதத்துக்குள் பராமரிப்புக்காக மாலத்தீவுக்குப் பறந்தது. உள்நாட்டில் அதற்கான வசதி அப்போது தயாராக இருக்கவில்லை. 2021 ஏப்ரலில் சேவையே நின்றுபோனது. வெளிநாட்டில் பதிவான விமானம் என்பதால் செலவு கட்டுப்படியாகவில்லை என்று மாநில அரசே பின்னர் சட்டப்பேரவையில் ஒப்புக்கொண்டது. மாலத்தீவிலோ ஒரே நிறுவனம் அறுபதுக்கும் மேற்பட்ட கடல் விமானங்களை இயக்குகிறது.

இந்த நிலையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், துறையினரையும் உள்ளடக்கிய பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 2024-இல் நீர் விமானத்தளங்களுக்குத் தனி உரிமம் பெற வேண்டும் என்ற நிபந்தனை கைவிடப்பட்டது. வணிக விமானி உரிமம் உள்ளவர்கள் உரிய பயிற்சியும் தேர்வும் முடித்து நேரடியாகக் கடல் விமானம் ஓட்டவும் வழி பிறந்தது. மாட்டுப்பட்டி ஒத்திகை அதற்குப் பிறகு நடந்ததுதான். எந்த விதி, எந்த ஆபத்தைத் தடுக்கிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பேசியதன் பலன் இது.

இதற்கு நேர்மாறான வழியையும் நாடு பார்த்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தும் விதிகள் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் இருந்தும் போதிய விமானிகளைத் தயார்செய்யாத இண்டிகோ, 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமான நிலையங்களில் பயணிகள் தவித்துக் கிடக்க, டிஜிசிஏ தற்காலிக விலக்கு அளிக்க நேர்ந்தது. இதைப் பேச்சுவார்த்தை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஓய்வு விதி காகிதச் சுமையல்ல, உயிர்க் காப்பு. அதே ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி கேதார்நாத் அருகே ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் மாண்டதை மலைப்பகுதி விமானச் சேவையைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கலாகாது.

செலவைப் பற்றிய புகாரில் மாநிலங்களின் பங்கு பேசப்படுவதே இல்லை. விமான எரிபொருளுக்குத் தமிழகம் நீண்ட காலமாக விதித்துவந்த மதிப்புக் கூட்டு வரி 29 விழுக்காடு. 2024 டிசம்பர் 21-ஆம் தேதி ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலில், விமான எரிபொருளை அந்த வரம்புக்குள் கொண்டுவர மாநிலங்கள் இணங்கவில்லை. மத்திய அரசு விதியைத் தளர்த்த வேண்டும், மாநில அரசு வரியைத் தொடக்கூடாது என்பது என்ன நியாயம்?

மாட்டுப்பட்டியில் இன்னொரு தரப்பும் உண்டு. அணையை யானைகள் கடக்கும் பகுதி என்று சுட்டிக்காட்டி வனத்துறை ஆட்சேபம் தெரிவித்தது. ஆனைமுடிச்சோலை தேசியப் பூங்காவும் அருகில்தான் இருக்கிறது. கடலோரத்தில் மீனவர்களின் எதிர்ப்பால் 2013-இல் இதே திட்டம் தொடங்கிய வேகத்தில் நின்றது. அன்று எதிர்த்த இடதுசாரிகளே 2024-இல் ஆட்சியிலிருந்து அதை வரவேற்றார்கள் என்பது வேறு கதை. ஒத்திகைக்கு நாள் குறிக்கும் முன்பே டிஜிசிஏ, வனத்துறை, மின்வாரியம், மீனவர் சங்கங்கள் ஆகிய அனைவரையும் ஒரே மேசையில் அமர்த்தியிருந்தால், யானை நடமாட்டமுள்ள நேரங்களைத் தவிர்த்துப் பறப்பதா அல்லது வேறு நீர்நிலையைத் தேர்வதா என்பது அப்போதே முடிவாகியிருக்கும்.

மூணாறின் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டுசென்றபோது, பெரியவரையில் பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் மீட்புக் குழுவினர் சென்று சேரவே தாமதமானது. அந்த மழையிரவில் எந்தக் கடல் விமானமும் பறந்திருக்காது. ஆனால், வானம் தெளிந்த நாளில் கொச்சி மருத்துவமனைக்கு அவசரமாகச் செல்லவேண்டிய தொழிலாளிக்கு அது உதவக்கூடும். சிறு வழித்தடங்களுக்கான உடான் திட்டத்தில் நட்டத்தை ஈடுகட்டப் பொதுமக்கள் பணம் தரப்படுகிறது. அந்த உதவியைப் பெறும் நிறுவனம் அவசர நோயாளிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைக் கேரள அரசு பேச்சுவார்த்தையில் முதலில் வைக்கட்டும்.