ஈக்கு இடும் உணவு

நெத்தலியை ஏழையின் மீன் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். உலகில் மிக அதிகமாகப் பிடிபடும் மீனினங்களுள் ஒன்று பெரூ நாட்டுக் கடலின் நெத்தலி. ஆயின் அதிற் பெரும்பங்கு எந்த மனிதனின் கலத்துக்கும் செல்வதில்லை. ஆலைகளில் அவித்துப் பிழிந்து உலர்த்தி மாவாக்கப்பட்டு, வளர்ப்பு மீனுக்கும் பண்ணை விலங்குகளுக்கும் தீனியாகிறது. இதனை அண்மையில் வகுப்பிற் கூறியபோது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "மீனுக்கு மீனையே போட்டு மீன் வளர்ப்பதில் இலாபம் எங்கே, ஐயா?" என்று கேட்டான். அக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வளர்ப்பு மீனின் தொகை இன்று சிறிதன்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் தரும் கணக்கின்படி, 2022இல் பண்ணைகளில் விளைந்த நீர்வாழ் உயிரினங்கள் 9 கோடியே 44 இலட்சம் தொன். கடலிலும் ஆற்றிலும் பிடிபட்டவற்றை அவை விஞ்சியது அதுவே முதன்முறை. கெண்டை போன்றவை பெரும்பாலும் தாவர உணவிலேயே வளர்ந்துவிடும். சாமனும் இறாலும் அவ்வாறல்ல. நோர்வேயில் 1990இல் சாமன் தீனியில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கு மீன்மாவாக இருந்தது. இன்று அது வெகுவாகக் குறைந்து, அவ்விடத்தைப் பெரும்பாலும் பிரேசிலின் சோயா நிரப்பியிருக்கிறது. (கடலைக் காக்கப் போய்க் காட்டை இழந்தோம் என்று குறைகூறுவோரும் உளர்.) ஆயினும் மீன்மாவின் தேவை அற்றுப்போகவில்லை. 2023இல் எல்நினோ வெப்பம் சூழ்ந்த கடலில் குஞ்சுகளே மிகுந்திருக்கக் கண்ட பெரூ அரசு, தன் முக்கிய மீன்பிடிப் பரப்பில் அவ்வாண்டின் முதற்பருவத்தை நிறுத்திவிட்டது. மீன்மாவின் விலை எங்கும் ஏறிற்று. செனகல், மொரித்தானியாக் கரைகளிலோ, மக்கள் அன்றாடம் உண்ணும் சாளை மீனை மாவாலைகள் வாங்கிக் குவிக்க, அதனைப் புகையூட்டி விற்றுப் பிழைத்த பெண்கள் வெறுங்கூடையுடன் திரும்ப நேர்கிறது.

இவ்விடத்திற்றான் ஈ வருகிறது. கறுப்புச் சிப்பாய் ஈ என்று பெயர். பார்வைக்குக் குளவியை ஒக்கும். முதிர்ந்த ஈ உண்பது அரிது. ஆதலால் வீட்டு ஈயைப்போல் நம் உணவை மொய்த்து நோய் பரப்புவதில்லை. உண்ணும் தொழிலெல்லாம் அதன் குடம்பிக்கே உரியது. அழுகிய பழமோ, மிஞ்சிய சோறோ, சந்தைக் குப்பையோ, சாணமோ, எதுவாயினும் தின்று சில வாரங்களிற் கொழுத்துவிடும். உலர்ந்த குடம்பியில் நூற்றுக்கு நாற்பது பங்களவு புரதம். கொழுப்போ நம் தேங்காயெண்ணெயைப்போல் லோரிக் அமிலம் மிகுந்தது. கடல்மீனெண்ணெயைச் சிறப்பிக்கும் நீள்சங்கிலி ஒமேகா-3 அதில் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே மீன்மாவின் இடத்தில் ஒரு பகுதியை அது நிரப்பலாமேயன்றி, மீனெண்ணெய்க்கு ஈடாகாது. விளம்பரக்காரர் இதனைச் சத்தமின்றித் தாண்டிச் செல்வதைக் கவனித்திருக்கிறேன்.

2013இல் உணவு விவசாய நிறுவனம் வெளியிட்ட அறிக்கை பூச்சித் தீனியைப் பற்றிய நம்பிக்கையை உலகெங்கும் பரப்பிற்று. மாடுகளைப் பித்தாக்கிய மூளைநோயின் பின் 2001இல் விலங்குப் புரதத் தீனியைத் தடுத்திருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2017 ஜூலையில் மீன் தீனிக்குப் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. ஆயின் சட்டம் புழுவையும் கால்நடையாகவே கருதிற்று. உணவகக் கழிவையும் சாணத்தையும் அதற்கு இடலாகாது. தவிடும் மாச்சத்து ஆலைகளின் கழிபொருளும் இடலாம். நோயஞ்சி இட்ட விதி. அதனை நான் பழிக்கவில்லை. எனினும் தவிட்டை மாடும் பன்றியும் நேராகவே தின்னுமே! குப்பையைப் புரதமாக்குவது என்ற புகழ், தீனியைத் தீனியாக்குவது என்று சுருங்கிவிட்டது. குளிர்நாட்டில் புழுவுக்கு வெப்பமூட்டும் செலவு வேறு. பூச்சிமா மீன்மாவிலும் இருமடங்குக்கு மேல் விலையேறி நின்றதில் வியப்பென்ன? பிரான்சில் 2011இல் தோன்றி, மாப்புழு வளர்க்க அமியேன் நகரருகே மாபெரும் ஆலை எழுப்பிய இன்செக்ட் நிறுவனம், 60 கோடி டொலர் அளவில் முதல் திரட்டியும், 2024இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடி, 2025இல் கலைக்கப்படும் நிலையை அடைந்தது.

வெப்பநாட்டிற் கணக்கு மாறுகிறது. கென்யாவில் விக்டோரியா ஏரியின் ஓமெனா என்னும் சிறுமீனைக் கரையில் வலைவிரித்துப் பெண்கள் உலர்த்துவர். ஏழைக் குடும்பத்தின் புரதம் அது. கோழித் தீனிக்கும் மீன் தீனிக்கும் போவதும் அதுவே. நைரோபியில் 1970இல் நிறுவப்பட்ட பூச்சியியல் ஆய்வு நிலையம், கறுப்புச் சிப்பாய் ஈயை வளர்க்கும் முறையைச் சிறு கமக்காரருக்குப் பயிற்றிவருகிறது. அங்கே வெப்பமூட்டத் தேவையில்லை. சந்தைக் கழிவும் மதுவடிசாலைச் சக்கையும் புழுவுக்கு உணவாகின்றன. எஞ்சுவது வயலுக்கு எரு. ஈக்கு உரிய இடம் சாமன் பண்ணையன்று, இத்தகைய நகரங்களின் குப்பைமேடே என்பது என் துணிபு. ஆயினும் கட்மியம் போன்ற உலோகங்கள் கழிவோடு வந்தால் குடம்பியின் உடலிற் சேர்ந்துவிடும்; ஆதலின் குப்பை முதலிலேயே தரம்பிரிக்கப்பட வேண்டும்.

மறுவாரம் அம்மாணவனிடம் இவற்றையெல்லாம் கூறினேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்படியானால் குப்பையைத் தரம் பிரிப்பவருக்கு யார் கூலி கொடுப்பார்கள், ஐயா?" என்றான்.