சிரிக்கப் படிப்பது குற்றமா?

பஸ்ஸில் ஒரு பெண் புத்தகம் படித்துக்கொண்டு வருகிறாள். அட்டையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் படம். உள்ளே என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரிந்ததே. முதல் அத்தியாயத்தில் இருவரும் சண்டை போடுவார்கள்; கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் செய்துகொள்வார்கள்; நடுவே படிப்பவள் வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். உடனே பக்கத்தில் இருக்கும் ஒரு கனவான் முகம் சுளிக்கிறார். “இதெல்லாம் ஒரு படிப்பா?” என்கிறார்.

இந்தக் கனவான் பல வேஷங்களில் வருவார். பண்டித வேஷத்தில் வந்தால், “இது இலக்கியமே இல்லை” என்பார். வீட்டுப் பெரியவர் வேஷத்தில் வந்தால், “பெண்கள் கெட்டுப் போவார்கள்” என்பார். முற்போக்கு வேஷத்திலும் அவர் வருகிறார் என்பதுதான் வருந்தத்தக்க விஷயம். “நாடு பற்றி எரியும்போது காதல் கதையா? சிரிப்பா? இது மக்களை மயக்கும் அபின்!” என்று அப்போது அவர் முழங்குவார்.

முதல் இருவருக்கும் பதில் சொல்வது சுலபம். மூன்றாமவர் நம் பக்கத்தில் நின்று பேசுகிறார். ஆகவே அவருக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்க்ஸ் என்ன படித்தார்?

மூலதனத்தை ஆராய்ந்து எழுதிய கார்ல் மார்க்ஸைவிடவா இந்த நண்பர் பொறுப்பு மிக்கவர்? மார்க்ஸின் மருமகன் பால் லபார்க் 1890-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கட்டும். மார்க்ஸ் அவ்வப்போது சோபாவில் சாய்ந்து நாவல் படிப்பாராம். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று நாவல்களை எடுத்து மாற்றி மாற்றிப் படிப்பாராம். சாகசமும் ஹாஸ்யமும் நிறைந்த கதைகள் என்றால் அவருக்குத் தனி விருப்பம். ஹென்றி பீல்டிங் 1749-ல் எழுதிய ‘டாம் ஜோன்ஸ்’ அவருக்கு மிகவும் பிடித்த நாவல். அது என்ன தத்துவ நூலா? காதலும் கலாட்டாவும் நிறைந்த கதை! பாரிஸ் நகர வாழ்வை வைத்து வேடிக்கைக் கதைகள் எழுதிக் குவித்த பால் டி காக்கையும் அவர் விரும்பிப் படித்தார். அந்தக் காலப் பண்டிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுக்கிய எழுத்தாளர் அவர்!

சார்லஸ் டார்வினும் இந்த விஷயத்தில் சளைத்தவர் அல்ல. நாவல்களை வீட்டார் வாசிக்கக் கேட்பது அவருக்கு நித்திய சுகம். சோகமாக முடியும் நாவல்களுக்கு எதிராகச் சட்டமே போட வேண்டும் என்று தம் சுயசரிதையில் அவர் வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்.

பெரியவர்கள் செய்தார்கள் என்பதற்காக மட்டும் ஒரு காரியம் சரியாகிவிடாது. அது நமக்கும் தெரியும். ஆகவே சரக்கையே எடுத்துப் பரிசோதிப்போம்.

பத்தாயிரம் பவுன் மாப்பிள்ளை

காதல் நகைச்சுவை நாவல்களுக்கெல்லாம் மூதாய் என்று சொல்லத்தக்கது ஜேன் ஆஸ்டின் எழுதி 1813-ல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’. கர்வமும் தப்பெண்ணமும் என்று பொருள். இன்று விற்கும் காதல் நாவல்களில் எத்தனையோ, தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கதையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். 1996-ல் ஹெலன் பீல்டிங் எழுதிப் பெரும் வெற்றி பெற்ற ‘பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி’ இதன் கதையையே பகிரங்கமாக எடுத்துக்கொண்டது.

கதை என்ன? பென்னட் என்ற குடும்பத்தில் ஐந்து பெண்கள். நிலத்தில் வருஷத்துக்கு 2,000 பவுன் வருமானம். ஆனால் தகப்பனார் கண்ணை மூடிவிட்டால் அந்த நிலம் ஆண் வாரிசு என்ற முறையில் காலின்ஸ் என்ற தூரத்து உறவினனுக்குப் போய்விடும். தாயும் ஐந்து பெண்களும் தெருவில் நிற்க வேண்டியதுதான். மாப்பிள்ளை பிடிக்க ஓயாமல் அலையும் அந்தத் தாயைப் பார்த்து நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகு ஒன்று உறைக்கிறது: அந்த வீட்டில் பொருளாதாரம் புரிந்தவள் அவள் ஒருத்திதான்!

எந்த இளைஞனைப் பற்றிப் பேசினாலும் அவனுடைய வருஷ வருமானம் கூடவே வருகிறது. பிங்லிக்கு நாலைந்தாயிரம் பவுன், டார்சிக்குப் பத்தாயிரம். கல்யாணச் சந்தையில் மனிதனுக்கு எப்படி விலைச் சீட்டுத் தொங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின் மீது முழு உரிமை தரும் சட்டம் இங்கிலாந்தில் 1882-ல்தான் வந்தது. கதை வெளிவந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு!

எலிசபெத்தின் தோழி சார்லட்டுக்கு இருபத்தேழு வயது. கையில் பணமில்லை. காலின்ஸ் அசடன் என்று தெரிந்தே அவனுக்குக் கழுத்தை நீட்டுகிறாள். ஏன்? தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். அதுவரை காலின்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வாசகியின் சிரிப்பு அந்த இடத்தில் தொண்டையில் நிற்கிறது. இதுவா அபின்? அபின் தின்றவனுக்கு வலி மறக்கும். இங்கே சிரித்தவளுக்கு வலி தெரிகிறது.

எதிர்த்துப் பேசும் சுகம்

இனி, அந்த இன்பத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

பத்தாயிரம் பவுன் டார்சி எலிசபெத்திடம் வருகிறான். ‘உன் குடும்பம் தாழ்ந்தது, இருந்தாலும் உன்னைக் காதலிக்கிறேன்’ என்ற தோரணையில் கல்யாணம் பேசுகிறான். அவள் ‘சரி’ என்று சொல்லாமல் இருப்பாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. அவளோ முகத்துக்கு நேரே முடியாது என்கிறாள்! பிறகு அவன் அத்தை, லேடி காதரீன் என்ற சீமாட்டி, வண்டி பூட்டிக்கொண்டு வந்து அதிகாரம் செய்கிறாள். ‘என் மருமகனை மணக்க மாட்டேன் என்று வாக்குக் கொடு’ என்று மிரட்டுகிறாள். எலிசபெத் அசையவில்லை. அந்தச் சீமாட்டி வந்த வழியே திரும்ப வேண்டியதாகிறது.

பகல் முழுவதும் மேஸ்திரிக்கும் மானேஜருக்கும், மாலையில் மாமியாருக்கும் கணவனுக்கும் ‘சரி, சரி’ என்று தலையாட்டிவிட்டு வந்த ஒருத்திக்கு இந்தப் பக்கங்கள் எப்படி இனிக்கும்! சொத்தும் பட்டமும் இல்லாத ஒரு பெண், வாய்ச்சாதுரியம் ஒன்றையே ஆயுதமாகக் கொண்டு, பெரிய இடத்துக் கர்வத்தை மண்ணைக் கவ்வ வைக்கிறாள். அதைப் பார்த்துச் சிரிக்கும் வாசகி தூங்கவில்லை, விழித்துக்கொள்கிறாள்.

“முடிவு முன்பே தெரிகிறதே, அதில் என்ன ருசி?” என்று கேட்பவர்கள் உண்டு. நாம் திருப்பிக் கேட்கிறோம்: பாரதக் கூத்தில் துரோபதை கடைசியில் கூந்தலை முடிப்பாள் என்பது ஊர் முழுக்கத் தெரியாதா? தெரிந்த ஜனங்கள் விடிய விடிய ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? முடிவு தெரிந்தவனுக்குத்தான் நடுவில் நடப்பதை நிதானமாக ருசிக்க முடியும். யார் யாரை எப்படி மடக்குகிறார், எந்தச் சொல்லில் கர்வம் உடைகிறது, எந்த அசட்டுத்தனத்தில் அன்பு எட்டிப் பார்க்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கதைகளின் சுவை. வாழ்க்கையில் நாளைக்கு வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லாதவர்களுக்கு, நல்லபடி முடியும் என்ற ஒரு நிச்சயத்தைக் கதையிலாவது கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அரண்மனையின் யோசனை

‘சிரிப்பை விடு, கனமான விஷயத்தை எழுது’ என்ற உபதேசம் ஆஸ்டினுக்கும் கிடைத்தது. உபதேசித்தவர் யார் தெரியுமா? இளவரசரின் நூலகர் கிளார்க். ஓர் அரச வம்சத்தின் பெருமையைச் சரித்திரக் காதல் கதையாக எழுதலாமே என்று 1816-ல் அவர் யோசனை சொன்னார். சிரிக்கவே கூடாது என்றால் முதல் அத்தியாயம் முடியும் முன்பே தூக்கில் தொங்க வேண்டியதுதான் என்ற கருத்துப்பட, பணிவும் கிண்டலுமாக அந்த அம்மையார் பதில் எழுதினார். ‘கனமான விஷயம்’ என்ற கூப்பாடு எப்போதும் மக்கள் பக்கத்திலிருந்துதான் எழும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

‘அபின்’ வசைக்கும் இதே கதைதான். 1930-களில் பிரிட்டனில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அந்தக் காலத்தில் சின்னச் சின்னக் கடைகளில் இரண்டு பென்ஸுக்கு நாவல் இரவல் கொடுத்தார்கள். 1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் கம்பெனியின் காதல் நாவல்கள் அங்கேதான் கை மாறின. புத்தகம் வாங்க வசதியற்ற பெண்கள் அவற்றை வாங்கிப் படித்தார்கள். அப்படிப்பட்ட படிப்பைப் போதைப் பழக்கத்துக்கு ஒப்பிட்டு 1932-ல் நூல் எழுதியவர் கேம்பிரிட்ஜ் விமர்சகர் க்யூ. டி. லீவிஸ். எளியவர்களின் ருசியை உயரத்திலிருந்து பார்த்துச் சொன்ன அந்த வசையை நம் நண்பர் தம் சொந்தச் சரக்கு என்று நினைத்து விற்றுக்கொண்டிருக்கிறார்!

யாருடைய நேரம்?

அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜானிஸ் ராட்வே காதல் நாவல் வாசகிகளையே நேரில் கேட்டு 1984-ல் ஒரு நூல் வெளியிட்டார். குடும்பத்துக்காக ஓயாமல் உழைக்கும் அந்தப் பெண்கள், புத்தகம் கையில் இருக்கும் நேரம் ஒன்றுதான் தங்களுக்கே உரிய நேரம் என்ற பொருளில் பேசினார்கள். புத்தகத்தை விரித்தால் ‘இப்போது என்னைக் கூப்பிடாதே’ என்று அர்த்தம். படித்து முடித்ததும் அவர்கள் அதே அடுப்படிக்குத்தான் திரும்பினார்கள் என்பதையும் ராட்வே மறைக்கவில்லை. நாமும் மறைக்கவில்லை. ஒரு நாவல் அடுப்படியை இடித்துவிடாது. ஆனால் ‘என் நேரம்’ என்று ஒருத்தி சொல்லத் தொடங்குவது அற்ப விஷயமா?

1886 மே முதல் தேதி சிகாகோ தொழிலாளர்கள் எதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள்? எட்டு மணி நேர வேலைக்காக. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, மீதி எட்டு மணி எங்கள் இஷ்டம் என்பதுதான் அந்த இயக்கத்தின் கோஷம். ‘எங்கள் இஷ்டம்’ என்றால் அதில் சிரிப்பும் உண்டு. காதல் கதையும் உண்டு. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அந்த மே தினத்தன்று அது வாபஸ் என்று அரசு அறிவித்தது. அப்படிக் காப்பாற்றிய மணி நேரத்தில் ஒரு தொழிலாளி என்ன படிக்க வேண்டும் என்று கணக்குக் கேட்க இந்தக் கனவான் யார்?

எதைக் கண்டிக்க வேண்டும்?

அப்படியானால் எல்லாக் காதல் நாவலும் நல்லதா? இல்லவே இல்லை. கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்போம். ஆனால் படித்துவிட்டுக் கண்டிப்போம். ஜார்ஜெட் ஹேயர் கைதேர்ந்த ஹாஸ்ய எழுத்தாளர். அவருடைய ‘தி கிராண்ட் சோபி’ 1950-ல் வந்தது. ஹிட்லரின் கொலைக்கூடங்கள் வெளிச்சத்துக்கு வந்து ஐந்தே ஆண்டுகள். அந்தக் கதையில் வட்டிக்காரனாக வரும் யூதனை அருவருப்பான உருவமாக அவர் தீட்டியிருக்கிறார். அந்த இடத்தில் சிரிப்பு விஷமாகிறது. அதை உரக்கச் சொல்ல வேண்டும். ஆஸ்டினின் கதாநாயகியும் சொத்துரிமையைக் கவிழ்க்கவில்லை; பத்தாயிரம் பவுன் மாளிகையில்தான் போய்ச் சேருகிறாள். அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். லாபம் யாருக்கு? ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ உரிமையை ஆஸ்டின் 110 பவுனுக்கு விற்றார். அதன் பிறகு வந்த லாபம் பிரசுரகர்த்தருக்கு. மில்ஸ் அண்ட் பூன் 1971-ல் கனடாவின் ஹார்லெக்வின் கம்பெனியிடம் போயிற்று. 2014-ல் அந்த ஹார்லெக்வினையே ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப் வாங்கியது. கோடீஸ்வரப் பத்திரிகை முதலாளியை விட்டுவிட்டு, பஸ்ஸில் சிரிக்கும் பெண்ணிடம் வீரம் காட்டுவது என்ன வீரம்?

ஆகவே முகம் சுளிக்கும் நண்பருக்கு நமது யோசனை இதுதான். உங்கள் ஊர் நூலகம் மாலை வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அதற்காகப் போராட வாருங்கள். திறந்ததும் அலமாரியில் கனமான புத்தகங்களுடன் நாலு சிரிப்புக் காதல் கதைகளையும் வையுங்கள். வீட்டுக்குப் போகும்போது அதில் ஒன்றை நீங்களும் எடுத்துப் போங்கள்!