ஜொகூரில் எதற்குச் சூடேற்றி?

கவிதையும் சிறுகதையும் நிறைந்த ஆண்டு மலரில் ஒரு பொறியியல்காரன் ஏர்கோன் கதையைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம், நண்பர்களே. குளிர் தாங்காமல் விரிவுரை மண்டபத்தில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் இதில் பங்குண்டு.

ஒரு கட்டடம் எழும்பும் முன்பே, அது ஓராண்டில் எவ்வளவு மின்சாரம் விழுங்கும் என்று கணினியில் மணிக்கு மணி கணக்கிடலாம். அமெரிக்க எரிசக்தித் துறை 2001-இல் வெளியிட்ட எனர்ஜிபிளஸ் அதற்கான இலவச மென்பொருள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக இத்தகைய மாதிரிகளைச் செய்து ஸ்கூடாயிலிருந்து என்னிடம் கொண்டுவரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, ஜொகூர் கட்டடத்துக்குச் சூடேற்றல் என்று ஒரு தொகை வருதே, எப்படி?" கேட்பவர்கள் நல்லவர்கள். சிலர் கேட்பதேயில்லை. சூடேற்றியை மாதிரியிலிருந்து அழித்துவிட்டு, அழகான அறிக்கையைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சில வேளை காரணம் அற்பமானது. குளிர்நாட்டு அலுவலகத்துக்கென எழுதிய அமைப்பை அப்படியே இறக்கியிருப்பார்கள். அதில் சூடேற்றும் வரம்பும் குளிரூட்டும் வரம்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு இயந்திரங்களும் மாறி மாறி இழுக்கும். கீழ் வரம்பு மேல் வரம்பைத் தாண்டினால் மென்பொருளே பிழை என்று கத்தும். இதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும்.

திருத்திய பின்னும் சூடேற்றல் நின்றால், அது எந்த மணியில் வருகிறது என்று பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறதா? வெளியே வெயில் கொளுத்தும்போது அறையைக் குளிர வைத்தது வானமல்ல, நம் இயந்திரம்தான்.

நம் காற்றில் ஈரம் அதிகம். அதைப் பிழிந்தெடுக்க மத்தியக் குளிரூட்டி காற்றை ஏறத்தாழ 13 பாகைக்கு இறக்குகிறது. நொடிக்கு 300 லிட்டர் அத்தகைய காற்று 24 பாகை அறைக்குள் வந்தால், சுமார் 4 கிலோவாட் குளிர் வந்து சேரும். அறையில் நாலு பேர்தான் இருக்கிறார்கள், 1 கிலோவாட் போதும் என்றாலும், குறைந்தபட்சக் காற்றளவு என்று ஒன்றை நிர்ணயித்திருப்பதால் காற்று குறையாது. அறையை 24-லேயே நிறுத்த 3 கிலோவாட் சூடு வேண்டும். குளிர்வித்ததற்கு ஒரு கட்டணம், அதைச் சூடாக்க இன்னொன்று!

இப்போது சூடேற்றியை அழித்தால் என்ன ஆகும்? மின்சாரக் கணக்கு குறையும், குளிர் அப்படியே இருக்கும். அறை வெப்பநிலை வரம்புக்குக் கீழே போன மணிநேரங்கள் வேறொரு பக்கத்தில் ஏறியிருக்கும். அந்தப் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்? கட்டி முடித்த பிறகு அந்த மணிநேரங்கள்தாம் கம்பளிச் சட்டைகளாக வந்து உட்காருகின்றன.

நம் நாட்டுத் தரநிலையான எம்.எஸ். 1525 (2001-இல் வந்தது, பலமுறை திருத்தப்பட்டது) இதை முன்பே யோசித்திருக்கிறது. மனித வசதிக்கான குளிரூட்டலில் ஈரப்பதத்தை 70 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர மின்சாரச் சூடேற்றி போன்ற புதிய ஆற்றலைச் செலவிடக் கூடாது என்கிறது. 2014 திருத்தம் அறைக்கு 24 முதல் 26 பாகை வரை பரிந்துரைத்தது. 2011-இல் அரசாங்க அலுவலகங்களுக்கும் 24-க்குக் கீழே இறக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. ஆனால் சுவரில் 24 என்று எழுதிவைத்தால் மட்டும் காற்றளவு குறைந்துவிடாது.

ஆகவே தம்பி தங்கைகளே, அந்தத் தொகையை அழிக்காமல் அதோடு மல்லுக்கட்டுங்கள். முதலில் குறைந்தபட்சக் காற்றளவை இறக்கிப் பாருங்கள், ஆட்களுக்கு வேண்டிய வெளிக்காற்று குறையாமல். பிறகு 13-ஐ 15 ஆக்கிப் பாருங்கள். ஈரப்பதம் 70-ஐத் தாண்டுகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். சூடு தேவைதான் என்று முடிவானால், குளிரூட்டி வெளியே கொட்டும் வெப்பத்தையே திருப்பி எடுக்கலாம், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எதுவுமே சரிப்படவில்லையா? அந்தத் தொகையை அறிக்கையில் அப்படியே விட்டு, காரணத்தை இரண்டு வரி எழுதுங்கள். மதிப்பெண் குறைக்கும் விரிவுரையாளரை நான் இன்னும் பார்த்ததில்லை.