போனைப் பிடுங்கினால் போதுமா?



கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்துக் கொட்டகைக்கு ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வந்தார். "ஐயா, திங்கட்கிழமை ஆனா இதுக்கு வயிறு வலிக்குது" என்றார். சோதித்துப் பார்த்தேன், வயிற்றில் கோளாறு இல்லை. நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகக் கேட்ட பிறகுதான் பிள்ளை வாய் திறந்தது. வகுப்புப் பிள்ளைகளின் வாட்சாப் குழுவில் அதன் படத்தைப் போட்டு, நிறத்தைச் சொல்லிக் கேலி!

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க."

அடிபட்ட பிள்ளைக்கே தண்டனை என்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

பெரியவர்களையே நிலைகுலைய வைக்கும் தொல்லை இது. டிக்டாக்கில் 'ஈஷா' என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணையத்தில் வசவுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி, போலீசில் புகார் செய்த மறுநாள், 2024 ஜூலையில், கோலாலம்பூரில் உயிரிழந்தார். ஏசிய ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அபராதம் 100 வெள்ளி! பழைய சட்டத்தில் அவ்வளவுதான் இடமிருந்தது. நாடே கொதித்தது. குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தது. மிரட்டி, இழிவாகப் பேசித் துன்புறுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டி, அவரும் அதற்கு முயன்றால் 10 ஆண்டு வரை.

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் காயத்துக்குப் பிறகு வருகிற மருந்து. காயம் படாமல் காப்பது வீட்டு வேலை.

"போனே கொடுக்கலன்னா தொல்லை விட்டுச்சே" என்பீர்கள். பிடுங்கினால் பிள்ளை கூட்டாளியின் போனில் பார்க்கும். நம்மிடம் மட்டும் சொல்லாது.

ஆகவே, ஏசாமல் கேளுங்கள். பதிலுக்குத் திட்ட விடாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த ஆளைத் தடை செய்யுங்கள். ஆசிரியரிடம் காட்டுங்கள். மிரட்டல் என்றால் போலீசில் புகார் கொடுங்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், "நான் இருந்து என்ன?" என்று பேசினால் ஒருநாள்கூடத் தாமதிக்க வேண்டாம், டாக்டரிடம் கொண்டு வாருங்கள். 15999, தாலியான் காசே, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கறுப்பி, குண்டன் என்று கூப்பிடப் பிள்ளைகள் எங்கே கற்றார்கள்? நம் வாசலில்தான். கேலி செய்வது நம் பிள்ளையாகவும் இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

இன்று ராத்திரியே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "எது வந்தாலும் என்கிட்ட சொல்லு. போனைப் பிடுங்க மாட்டேன்." சொன்னால் சொன்னபடி நில்லுங்கள்.