ஊர்க்கதை: கிணறு வெட்டினால் கரி! நெய்வேலி பிறந்த கதை

கிளாம்பாக்கத்தில் கும்பகோணம் பஸ் ஏறினால், விக்கிரவாண்டி, பண்ருட்டி தாண்டியதும் வருகிறது நெய்வேலி ஆர்ச் கேட். பலாப்பழம் வாங்க பண்ருட்டியில் இறங்குபவர்கள் அதிகம். நெய்வேலியை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால், தமிழ்நாட்டின் ஒரே பெரிய நிலக்கரி ஊர் இதுதான்.

தண்ணீரில் கறுப்பு

முந்திரித் தோப்பும் செம்மண்ணுமாக இருந்த பூமி இது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. இதற்காகத் தன் நிலத்தையே கொடுத்த அவரை, 'நெய்வேலியின் தந்தை' என்று இன்றும் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

முதல்வர் காமராஜர் இந்தத் திட்டத்துக்காக விடாமல் முயன்றார். 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கைக்கு எட்டியது. சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கியது.

நான்கு வருடம் ஏன் ஆனது?

இங்கே சுரங்கம் என்றால் இருட்டுக் குகை அல்ல. மேல்மண்ணை முழுக்க அள்ளி எடுத்துவிட்டுக் கரியை வெட்டும் திறந்தவெளிச் சுரங்கம். அதற்கென்றே ஜெர்மனியிலிருந்து ராட்சத சக்கர இயந்திரங்கள் வந்தன. இன்னொரு சிக்கல், கரிக்கு அடியில் கடும் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்று நீர். அதை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையே உடைந்துவிடும்.

பக்கத்திலேயே புது நகரம் எழுந்தது. நேரான சாலைகள், வரிசையாக மரங்கள், குவார்ட்டர்ஸ் வீடுகள். இங்கே தெருப் பெயரைவிட 'எத்தனாவது வட்டம்?' என்ற கேள்விதான் முகவரி. வீட்டில் பாட்டி இருந்தால் 'லெக்கோ கரி' என்று சொல்லிப் பாருங்கள். கேஸ் வராத காலத்தில் பல வீட்டு அடுப்புகளில் எரிந்த அந்தக் கரிக்கட்டி நெய்வேலிச் சரக்குதான்.

சென்னைக்கும் பங்கு உண்டு

2004 முதல் சென்னைக்கு வரும் வீராணம் ஏரித் தண்ணீர், நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. அங்கிருந்து குழாயில் போரூர் வரை வருகிறது. ஏரி வற்றும் காலத்தில் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீர் கைகொடுக்கிறது. மின்சாரம் மட்டுமல்ல, குடிநீரிலும் நம் வீடுகளுக்கு அந்த ஊரோடு சொந்தம் உண்டு.

கொடுத்தவர்கள் எங்கே?

சுரங்கம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கரி தீரத் தீர அடுத்த நிலத்துக்கு நகர்கிறது. வீடு, வயல், குலதெய்வக் கோயில் என எல்லாவற்றையும் விட்டுவிட்டு குடும்பங்கள் நகர்ந்தன. 'நிலம் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர வேலை' என்ற கோரிக்கை, தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரை தொடர்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள்.

2023 ஜூலையில் வளையமாதேவியில், விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்று வேதனைப்பட்டது சென்னை உயர் நீதிமன்றம். அதே ஆண்டு ஏப்ரலில், டெல்டா பக்கம் ஏலத்துக்கு வந்த மூன்று நிலக்கரிப் பகுதிகளை, எதிர்ப்புக்குப் பின் மத்திய அரசு பட்டியலிலிருந்து நீக்கியது.

அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. சூரிய மின்சாரத்திலும் இப்போது அந்த நிறுவனம் இறங்கிவிட்டது. ஒருநாள் கரி தேவைப்படாமல் போகலாம். ஆனால், தோண்டிய நிலம் பழைய வயலாகத் திரும்பி வருவது சுலபமல்ல. நிலம் கொடுத்த குடும்பங்களுக்குத் தரவேண்டிய வேலையையும் இழப்பீட்டையும் அதற்குள் தந்து முடிப்பதுதான் நியாயம்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், ஆர்ச் கேட்டில் இறங்கி ஒரு டீ குடியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம், 'உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?' என்று கேட்டுப் பாருங்கள். இப்போது வரைபடத்தில் இல்லாத ஓர் ஊரின் பெயரை அவர் சொல்லக்கூடும்.